மாடிக் காற்றும் மைதானக் காற்றும்

மணிநகரிலிருந்து ஓர் அம்மையார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய புதல்வர் பதினோராம் வகுப்பில் பயில்கின்றார். வீட்டிலேயே ஒரு சிறு காற்றாலை செய்து, அதைச் சொசைட்டியின் மொட்டை மாடியில் நிறுத்தி, பன்னிரண்டு வோல்ட் பாட்டரி ஒன்றுக்கு மின்னேற்றப் போவதாகச் சொல்லி வருகிறாராம். உத்தராயணத்துக்குப் பட்டம் வாங்கக் கொடுத்த பணத்தையும், தீபாவளிக்குப் பாட்டியார் அனுப்பிய பணத்தையும் செலவிடாமல் காந்தம் வாங்குவதற்கெனச் சேர்த்து வைத்திருக்கிறாராம். “இவன் தகப்பனார் வெளியூர்ப் பணியில் இருக்கிறார். மாடியிலிருந்து ஏதாவது கழன்று விழுந்தால் யார் பதில் சொல்வது என்று அச்சமாக இருக்கிறது. ஆனால் பையன் முதன்முதலாக ஒன்றில் மனம் ஊன்றியிருக்கிறான். அதைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. தாங்கள் எழுதினால் படிப்பான்” என்று அம்மையார் முடித்திருக்கிறார்.

அவருடைய அச்சமும் நியாயமானது, தயக்கமும் நியாயமானது. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பிள்ளை காற்றாலை செய்யட்டும், மாடியில் மட்டும் அதை நிறுத்த வேண்டா. இப்பகுதியில் தண்ணீர்ப் பம்பு, தையற்பொறி, இன்வர்ட்டர் என்று வீட்டோடு ஒட்டியவற்றையே மாதந்தோறும் எழுதி வந்தோம். இம்மாதம் பக்கம் முழுவதையும் காற்றுக்கு ஒதுக்கியிருக்கிறோம். கச்சுப் பக்கத்தில் குடியிருக்கும் நம் உறுப்பினர்களுக்கும் இது பயன்படும் என்பது நம் எண்ணம்.

மாடி ஏன் ஆகாது என்பதை இவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது எளிது. ஜனவரி 14-ஆம் நாள் உத்தராயணத்தன்று இவ்வூரார் ‘அகாசி’ என்று வழங்கும் மொட்டை மாடிகளில் ஏறிப் பட்டம் விடாத பிள்ளை யார்? பட்டம் மாடிச்சுவரை விட்டுக் கிளம்பும்போது எப்படித் தத்தளிக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கட்டும். ஒரு கணம் இடப்பக்கம் சாயும். மறு கணம் தலைகுப்புற விழும். நூலைச் சுண்டிச் சுண்டி இழுத்தால்தான் மேலே போகும். தண்ணீர்த் தொட்டிகளின் உயரத்தைத் தாண்டி, சுற்றியுள்ள கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் மேலே சென்ற பிறகே நூல் விறைக்கும். பட்டம் ஒரே இடத்தில் நிற்கும். கீழே காற்று இல்லாமலில்லை. இருக்கும் காற்று சுழித்துக் கொண்டிருக்கிறது. வெள்ளம் போகும்போது பாலத்தூணின் பின்புறம் நீர் சுழிப்பதைப்போலவே, கட்டடத்தின் விளிம்பில் மோதிய காற்றும் மாடிக்கு மேலே சுழிக்கிறது. பட்டமே தத்தளிக்கும் அந்த இடத்தில் காற்றாலையை நிறுத்தினால், அது நிமிடத்துக்குப் பத்துமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்குமேயன்றிச் சீராகச் சுழலாது. சுழன்ற சிறிது நேரத்திலும் ஒவ்வோர் இறக்கையும் வெவ்வேறு விதமாக அடிபடும். அந்த அதிர்வு கம்பத்தின் வழியே கான்கிரீட்டில் இறங்கி, கீழ்வீட்டாரின் படுக்கையறை வரைக்கும் கேட்கும்.

இத்துறையில் பழகியவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் ஒரு கணக்கு உண்டு. காற்றாலையைச் சுற்றி 300 அடி தொலைவுக்குள் உள்ள மரம், வீடு எதுவாயினும், அதன் உச்சியைவிட இறக்கையின் கீழ்நுனி 30 அடியேனும் உயரத்தில் இருக்கவேண்டும் என்பது அது. மணிநகரில் அப்படி ஒரு கம்பம் நட வேண்டுமானால், நான்கு மாடிக்கு மேலே இன்னொரு மூன்று மாடி உயரத்துக்கு இரும்புக் குழாய் ஏற்ற வேண்டும். சொசைட்டிச் செயலாளர் அதற்கு என்ன சொல்வார் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

உயரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் எனில், காற்றின் கணக்கு மற்ற கணக்குகளைப் போன்றதன்று. வேகம் இரு மடங்கானால் ஆற்றலும் இரு மடங்காகும் என்றுதான் யாரும் நினைப்பர். உண்மையில் அது எட்டு மடங்காகிறது. இரு மடங்கு வேகத்தில் வரும் காற்றின் ஒவ்வொரு கிலோவிலும் நான்கு மடங்கு ஆற்றல் இருக்கிறது. அதோடு ஒரு நொடியில் வந்து சேரும் காற்றின் எடையும் இரட்டிக்கிறது. நான்கையும் இரண்டையும் பெருக்கினால் எட்டு. கணக்கென்றதும் அஞ்ச வேண்டா. பள்ளியிறுதி வகுப்புக் கணக்குப் போதும். நாமும் அதற்குமேல் படித்தவரல்லர்.

ஆறு அடி விட்டமுள்ள காற்றாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் பரப்பு சுமார் இரண்டரைச் சதுர மீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது மரத்தின் இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் அசையும் அளவில் காற்று வீசினால், அவ்வட்டத்தின் வழியே செல்லும் ஆற்றல் ஏறக்குறைய 190 வாட். அதை முழுவதும் பிடிக்க இயலாது. முழுவதும் பிடித்தால் காற்று அங்கேயே நின்றுவிடும். பின்னால் வரும் காற்றுக்கு வழி இராது. எவ்வளவு சிறந்த பொறியும் நூற்றுக்கு 59.3 பங்குக்கு மேல் எடுக்க முடியாது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-இல் வெளியிட்டார். கையால் செய்த பொறிக்குக் கால் பங்கு கிடைத்தாலே பெருமை. ஆகவே நம் கைக்கு வருவது ஐம்பது வாட்டுக்குச் சற்றுக் குறைவு. இப்போது வேகத்தைப் பாதியாக்குங்கள். மணிக்கு 9 கிலோமீட்டரில் காற்றில் இருப்பதே 24 வாட்தான். கால் பங்கு 6 வாட். அதுவும் ஏட்டளவில்தான். அந்த வேகத்தில் பொறி பாட்டரியின் மின்னழுத்தத்தை எட்டுவதே இல்லை. ஆகவே ஒரு துளி மின்சாரமும் உள்ளே போகாது. வேகத்தை 36 கிலோமீட்டராக உயர்த்தினாலோ, அதே பொறி 380 வாட் தரும். மாடியில் காற்றில் பாதியை இழப்பவர் மின்சாரத்தில் எட்டில் ஏழு பங்கை இழக்கிறார். விலைக்கு வாங்கிய காந்தமும் செம்பும் அவருக்கு வீண்.

அம்மையாரின் அச்சத்துக்கும் ஒரு கணக்குண்டு. நன்றாகச் செய்த மூன்றிறக்கைப் பொறியில் இறக்கையின் நுனி, காற்றின் வேகத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வேகத்தில் ஓடும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் ஆறு மடங்கு என்று வைத்துக்கொண்டால் நுனியின் வேகம் மணிக்கு 216 கிலோமீட்டர். வந்தே பாரத் வண்டியே 180 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. அந்த வேகத்தில் ஒரு மரத்துண்டு கழன்றால் அது எந்த வீட்டு முற்றத்தில் போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. மாடியில் துணி உலர்த்த வருவோரும், வடாம் காயவைப்போரும், விளையாடும் குழந்தைகளும் இருக்கும் இடம் அது. இதில் நமக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது.

செய்யட்டும் என்று ஏன் சொன்னோம்? காற்றைக் கொண்டு பாட்டரிக்கு மின்னேற்றுவது பெரிய ஆலைகளுக்கே உரிய வேலையன்று. தனிமனிதர் வீட்டளவில் தொடங்கிய வேலை. கிளாஸ்கோவில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் பிளைத் என்பவர் 1887 ஜூலையில், ஸ்காட்லாந்தின் மேரிகர்க் என்ற ஊரில் தம் விடுமுறைக் குடிலுக்குப் பக்கத்தில் துணிப் பாய்கள் கட்டிய காற்றாலை ஒன்றை நிறுத்தி, பாட்டரியில் மின்சாரம் சேர்த்துக் குடிலுக்கு விளக்கேற்றினார். மீந்த மின்சாரத்தைத் தெருவிளக்குக்குத் தருகிறேன் என்றபோது, இது பேயின் வேலை என்று ஊரார் மறுத்தனராம். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் தம் வீட்டுத் தோட்டத்தில் 144 இறக்கைகள் கொண்ட பெரும்பொறி ஒன்றை எழுப்பினார். அவர் செல்வர், வீட்டின் நிலவறையில் 408 பாட்டரிக் கலங்களை அடுக்கி வைத்திருந்தார். அது இருபது ஆண்டு உழைத்தது.

பையன் படிக்கவேண்டிய வரலாறு இவ்விருவருடையதைக் காட்டிலும் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு வில்லியம் காம்குவாம்பாவினுடையது. 2001-02-இல் அந்நாட்டில் கொடிய பஞ்சம். பள்ளிக் கட்டணம் கட்ட இயலாமல் படிப்பை நிறுத்திவிட்ட அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை, ஊர் நூலகத்தில் ஒரு நூலின் படத்தைக் கண்டு, பழைய சைக்கிள் சட்டம், டிராக்டரின் விசிறி, சைக்கிள் டைனமோ, சூடாக்கித் தட்டையாக்கிய பி.வி.சி. குழாய் ஆகியவற்றைக் கூட்டி, மரக்கழிகளால் ஒரு கோபுரம் கட்டி அதன்மேல் நிறுத்தி விளக்கேற்றினார். பின்னர் ஒரு கார் பாட்டரியையும் சேர்த்துக்கொண்டார். குப்பையில் பொறுக்கித் திரிந்தபோது ஊரார் அவரைப் பித்தன் என்று நகைத்தனர். 2014-இல் அவர் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றார். கோபுரம் கட்டிய பிறகே அவர் பொறியை ஏற்றினார் என்பதைப் பையன் கவனிக்கட்டும். வீட்டுக் கூரைமேல் அவர் அதை வைக்கவில்லை.

இனி, நாம் கண்ணால் கண்ட ஒரு பொறியைப் பற்றிச் சொல்லவேண்டும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கச்சுக் கடற்கரையை அடுத்து உப்பளம் ஒன்றை மேற்பார்க்கும் அன்பர் ஒருவர் நமக்கு உண்டு. அண்ணாச்சி என்றே அழைப்போம். அளத்தையொட்டிய அவர் வீட்டுக்கு மின்கம்பி வந்திருந்தாலும், மின்சாரம் வருவதும் போவதும் அதன் விருப்பம். சுற்றிலும் மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கண்ணுக்கெட்டிய வரை உப்புப் பாத்திகளே. அங்கு முப்பது அடிக் கம்பமே போதியதாயிற்று. இரயில் பெட்டிகளின் விளக்குகளைப் பராமரித்து ஓய்வு பெற்ற மின்பணியாளர் ஒருவரும் நாமும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் உடனிருந்து உதவினோம்.

அவர்கள் பின்பற்றிய முறை, சாலையும் மின்கம்பியும் எட்டாத ஸ்கோரைக் என்னும் ஸ்காட்லாந்துத் தீபகற்பத்தில் வாழ்ந்துகொண்டு, 1970-களின் பிற்பகுதியிலிருந்து கையால் காற்றாலை செய்து பழகிய ஹியூ பிக்காட் என்பவர் வகுத்தது. அவர் தம் அளவுகளையெல்லாம் நூலாக வெளியிட்டு, பல நாடுகளுக்கும் சென்று கற்றுக்கொடுத்தமையால், இன்று உலகெங்கும் வீட்டில் காற்றாலை செய்வோரிற் பலர் அவருடைய மாணாக்கர்களே எனலாம்.

பையன் முதலில் தடுக்கிவிழும் இடம் மின்னாக்கி. கார் ஆல்டர்னேட்டர் பழைய சாமான் கடையில் எளிதில் கிடைக்கிறதே என்று தோன்றும். அது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழன்றால்தான் பயன் தரும். நம் ஆறு அடி இறக்கையோ 18 கிலோமீட்டர் காற்றில் நிமிடத்துக்கு முந்நூறு சுற்றுச் சுழன்றால் அதிகம். இரயில் பெட்டியில் இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள். பெரம்பூரில் செய்த பழைய வகைப் பெட்டிகளின் அடியில் குனிந்து பார்த்தால், சக்கர அச்சிலிருந்து பெல்ட் ஒன்று 4.5 கிலோவாட் மின்னாக்கிக்குச் செல்வது தெரியும். அச்சிலுள்ள கப்பி பெரியது. மின்னாக்கியின் கப்பி சிறியது. ஆதலால் மின்னாக்கி அச்சைவிட இரு மடங்குக்கு மேல் விரைந்து சுழலும். வண்டி ஓடும்போது அது 110 வோல்ட் பாட்டரிக்கு மின்னேற்றும். நிலையத்தில் நிற்கும்போது பாட்டரி விளக்கை எரிக்கும். நம் பாட்டரிக்கும் காற்றுக்கும் உள்ள உறவு இதுவேதான். ஆனால் பெல்ட்டில் வீணாகும் ஆற்றல் ஆயிரம் டன் வண்டிக்கு ஒரு பொருட்டன்று. ஐம்பது வாட் தரும் காற்றாலைக்கு அது பெரும் செலவு. ஆகவே பெல்ட்டே இல்லாமல், மெதுவாகச் சுழன்றாலும் மின்சாரம் தரும் அகன்ற மின்னாக்கி ஒன்றை நாமே செய்துகொள்ள வேண்டும்.

அது பார்ப்பதற்கு இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ஒரு பிசின் அடை வைத்தாற்போல் இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் எட்டு நியோடிமியம் காந்தங்கள், வடக்கும் தெற்குமாக மாற்றி மாற்றி ஒட்டப்படும். எதிர்த்தட்டில் வடக்குக்கு நேரே தெற்கு வரவேண்டும். நடுவில் அசையாமல் நிற்கும் அடையில் ஆறு செம்புச் சுருள்கள். எட்டுக் காந்தத்துக்கு ஆறு சுருள், பன்னிரண்டுக்கு ஒன்பது என்ற விகிதம் மாறாதிருந்தால் மூன்று கட்ட மின்சாரம் ஒழுங்காக வரும். சுருளுக்கு வேண்டிய எனாமல் பூசிய செம்புக்கம்பி, மோட்டார் சுற்றித் தரும் கடைகளில் எடைக்குக் கிடைக்கும். இரண்டாணி அடித்த ஒரு மரச்சட்டத்தில் கைப்பிடி வைத்து அண்ணாச்சியின் துணைவியாரே ஆறு சுருளையும் சுற்றினார். நாம் சுற்றிய ஒன்றைவிட அவர் சுற்றியவை இறுக்கமாகவும் ஒரே அளவாகவும் இருந்தன என்பதை இங்கே பதிவு செய்கிறோம். சுருள்களை அச்சில் வைத்து, கண்ணாடி நாரும் ரெசினும் ஊற்றி இறுகவைத்தால் அடை தயார். இவையெல்லாம் ஒரு காரின் சக்கரக் குடத்தின்மேல், அதன் பேரிங்குகளைக் கொண்டே சுழல்கின்றன.

காந்தத்தைப் பற்றி அம்மையார்கள் கட்டாயம் அறியவேண்டிய செய்தி ஒன்று. 46 மில்லிமீட்டர் நீளமும் 30 அகலமும் 10 தடிப்புமுள்ள இச்சிறு கட்டி, பள்ளியில் காட்டும் இலாடக் காந்தத்தின் இனமன்று. இரண்டு கட்டிகள் எதிர்பாராது சேர்ந்தால் நடுவில் அகப்பட்ட விரலின் நுனி நசுங்கும். காந்தம் ஒட்டிய இரு தட்டுகளையும் கையால் சேர்க்கவே கூடாது. மூன்று நீண்ட திருகுகளில் ஏற்றி, சிறிது சிறிதாகத் திருகித்தான் இறக்கவேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் வீட்டிலிருந்தால், இவ்வேலையை அந்த வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டா. கடலோரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்றுப் பட்டால் நியோடிமியம் துருவேறிப் பொங்கும். பொங்கிய காந்தம் அடையில் உரசும். ஆகவே கச்சிலும் சௌராஷ்டிரக் கரையிலும் செய்வோர் காந்தங்களை முழுவதும் ரெசினில் மூழ்கடித்துவிடுக.

இறக்கை, முடிச்சில்லாத பைன் அல்லது தேவதாருப் பலகையில் செதுக்கப்படுகிறது. அடிப்பக்கம் அகன்றும் சாய்ந்தும், நுனி குறுகியும் ஏறக்குறையத் தட்டையாகவும் இருக்கும். நல்ல தச்சருக்கு ஒரு நாள் வேலை. நம்மவர்க்கு ஒரு வாரம். மூன்றும் ஒரே எடையில் இருக்கவேண்டும் என்பதோடு, மூன்றையும் பூட்டியபின் எந்த நிலையில் விட்டாலும் தானாகச் சுழலாமல் நிற்கவேண்டும். நிற்காவிடில் கனம் குறைந்த பக்கத்தில் ஈயத்துண்டு திருகிச் சரிசெய்க. இந்தச் சமன்பாட்டை அலட்சியம் செய்த பொறி ஒரு பருவத்துக்குள் தன் பேரிங்கைத் தானே தின்றுவிடும்.

வாலைப் பற்றியும் ஒரு சொல். வால் பொறியைக் காற்றுக்கு நேராகத் திருப்புவதற்கு மட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். பிக்காட் முறையில் அதற்கு இன்னும் அரிய வேலை உண்டு. இறக்கைச் சக்கரம் கம்பத்துக்கு நேரே இல்லாமல் சற்று ஒருபக்கம் தள்ளி வைக்கப்படுகிறது. வால் சாய்வான கீலில் தொங்குகிறது. காற்று மிஞ்சினால் சக்கரத்தின்மேல் விழும் அழுத்தம் அதை ஒருபக்கம் திருப்ப, வால் கீலில் மேலேறி மடங்குகிறது; பொறி காற்றுக்குப் பக்கவாட்டைக் காட்டித் தப்பித்துக்கொள்கிறது. காற்றுத் தணிந்ததும் வால் தன் எடையாலேயே கீழிறங்கிப் பொறியை மீண்டும் நேர்ப்படுத்துகிறது. ஸ்பிரிங் இல்லை, மின்சாரம் இல்லை. கதவு தானாகச் சாத்திக்கொள்வது போன்ற ஏற்பாடு.

மின்னாக்கியிலிருந்து வரும் மூன்று கம்பிகளும் கீழே ஒரு ரெக்டிஃபையரில் சேர்ந்து, நேர்மின்சாரமாகிப் பாட்டரிக்குச் செல்லும். சூரியப்பலகை வைத்துப் பழகியோர் இவ்விடத்தில் தவறக்கூடும் என்பதால் விரித்துச் சொல்கிறோம். பாட்டரி நிறைந்துவிட்டால் சூரியப்பலகையின் இணைப்பைத் துண்டித்துவிடலாம். அது சும்மா கிடக்கும். காற்றாலையை அப்படித் துண்டித்தால், சுமையில்லாத இறக்கைகள் கட்டுக்கடங்காத வேகத்தில் சுழன்று சிதறும். ஆகவே பாட்டரி 14.4 வோல்ட்டை எட்டியதும் மிகுந்த மின்சாரத்தை ஒரு சூடேற்றிக்குத் திருப்பிவிடும் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கவேண்டும். பொறியை நிறுத்த வேண்டுமானால், பாட்டரியின் இணைப்பைக் கழற்றுமுன்பே மூன்று கம்பிகளையும் ஒரு சுவிட்சால் ஒன்றோடொன்று சேர்த்துவிடுவது முறை. மின்னாக்கியே பிரேக்காக மாறிப் பொறியை நிறுத்தும். ஆனால் கடுங்காற்றில் அந்தப் பிரேக் பிடிக்குமென்று நம்பியிருத்தல் கூடாது. காற்றுத் தணிந்திருக்கும்போதே போட்டுவிட வேண்டும்.

பாட்டரி, இன்வர்ட்டருக்கு விற்கும் டியூபுலர் வகையாக இருக்கட்டும். கார் பாட்டரி அடிக்கடி ஆழமாக இறங்குவதைத் தாங்காது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்றால் 1,800 வாட்-மணி. அதில் பாதிக்குமேல் எடுக்காதிருந்தால் பல ஆண்டு உழைக்கும். ஓய்வில் இருக்கும் பாட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2-க்கு வந்தால் பாதி. அதற்குக் கீழே விசிறியை நிறுத்துக. அண்ணாச்சி வீட்டில் 9 வாட் விளக்கு மூன்று, ஐந்து மணி நேரம், 28 வாட் விசிறி ஒன்று, பத்து மணி நேரம், கைப்பேசிகள். எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 430 வாட்-மணிக்குச் சற்று மேல். நல்ல காற்று பத்து மணி நேரம் வீசினால் அது சேர்ந்துவிடும். இரண்டு நாள் வீசாவிட்டாலும் பாட்டரி தாங்கும். மூன்றாம் நாள் விசிறி ஓடாது. மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பூஜையறையிலோ அடுக்களையிலோ அதை வைக்கலாகாது. பாட்டரியை ஒட்டினாற்போல் ஒரு ஃபியூஸும் அவசியம்.

அண்ணாச்சியின் கம்பம் அடியில் கீல் வைத்தது. நான்கு பக்கமும் ஸ்டே கம்பிகள். ஒரு பக்கத்துக் கம்பிகளைத் தளர்த்திக் கப்பி வைத்து இறக்கினால், கம்பம் முழுவதும் மெல்லத் தரையில் படுக்கும். யாரும் மேலே ஏறவேண்டியதில்லை. இதற்காக ஆன கூடுதல் செலவைப் பார்த்து நம் மின்பணியாளர் முதலில் முணுமுணுத்தார். 2023 ஜூன் மாதம் பிபர்ஜாய் புயல் கச்சை நோக்கி வந்தபோது அந்த முணுமுணுப்பு அடங்கிற்று. கரையோரத்தவரை வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்ததும் தொலைபேசியில் பேசினோம். “தம்பி, பெட்டி படுக்கை அப்புறம் கட்டலாம். முதலில் இதைப் படுக்க வைக்கணும்” என்று சொல்லிவிட்டு, இரண்டு பணியாட்களோடு கம்பத்தைச் சாய்த்து, இறக்கைகளைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, பாட்டரியைப் பரண்மேல் ஏற்றிவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குள் சென்றார். அப்பகுதியில் பழையவர்கள் 1998 ஜூன் 9-ஆம் நாள் காண்ட்லாவைத் தாக்கிய புயலை மறந்தவரல்லர். அன்று மாண்டவர்களுள் உப்பளத் தொழிலாளர் மிகப் பலர்.

பிபர்ஜாய் ஜூன் 15 மாலை ஜக்காவ் துறைமுகத்தின் அருகே கரை கடந்தது. அண்ணாச்சி திரும்பி வந்தபோது கூரையில் ஓடுகள் பல இல்லை. அவ்வழியே மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. அவருடைய கம்பமோ தாம் படுக்கவைத்த இடத்திலேயே சேற்றில் கிடந்தது. மறுநாள் காலை அதை நிமிர்த்தினார்கள். புயலின் பின்காற்று இன்னும் ஓயாதிருந்தது, வானம் இருண்டிருந்தது. மின்கம்பி சீராகும் வரை அக்கம்பக்கத்துப் பணியாளர் குடும்பங்கள் தத்தம் கைப்பேசிகளுடன் அவர் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தனர். ஊரில் உள்ள உறவினருக்குத் தாம் உயிரோடிருக்கும் செய்தியைச் சொல்ல அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இவ்வளவும் எழுதியபின் பணத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. இன்று, ஒரு வாட்டுக்கு எவ்வளவு என்று பார்த்தால், சூரியப்பலகை வாங்கிக் கூரையில் வைப்பதே பெரும்பாலான வீடுகளுக்கு மலிவு. அதில் சுழல்வதும் தேய்வதும் இல்லை. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய வீட்டுக்கூரைச் சூரிய மின்திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. மணிநகரிலும் வடோதராவிலும் சொந்த வீடுள்ளோர் தம் சேமிப்பை அதில் இடுவதே அறிவுடைமை என்பது நம் அபிப்பிராயம். காற்றுக்குரிய இடம் வேறு. மழைக்காலத்தில் நாட்கணக்கில் வெயில் முகம் காட்டாதபோதும், இரவிலும், தென்மேற்குப் பருவக்காற்றுக் கரையில் ஓங்கி வீசிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே பாட்டரியில் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். 1986-இல் நம் நாட்டின் முதற் காற்றாலைப் பண்ணைகளை அமைக்கத் தேர்ந்த இடங்களில் குஜராத்தின் ஓகாவும், மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியும், நம் தூத்துக்குடியும் இருந்தன. மூன்றும் கடற்கரை என்பது தற்செயலன்று.

இனி அப்பிள்ளைக்கு. தம்பி, காந்தத்துக்குச் சேர்த்த பணத்தில் இப்போது கைவைக்காதே. முதலில் பழைய பந்துகளை இரண்டாக அறுத்து நான்கு கிண்ணங்கள் வைத்த காற்றுமானி ஒன்று செய். சைக்கிள் வேகமானியின் உணர்கருவியை அதில் பொருத்தினால் சுற்றுக்களை எண்ணலாம். உன் மாடியிலும், பிறகு ஊருக்கு வெளியே திறந்த வெளியிலும், ஒரே நாளில் ஒரே நேரத்தில் அளந்து குறித்து வா. வேகங்களை மும்முறை பெருக்கி ஒப்பிட்டுப் பார். நாம் எழுதியது மெய்யா பொய்யா என்பது அப்போது விளங்கும். மாடியில் நிறுத்தத்தான் வேண்டுமென்றால், இரண்டு சாண் அகலத்தில் மெல்லிய பிளாஸ்டிக் இறக்கையும், பொம்மை மோட்டாரும், ஒரு சிறு எல்.இ.டி. விளக்கும் போதும், அது கழன்று விழுந்தாலும் யாருக்கும் தீங்கில்லை. தீபாவளி விடுமுறையில் தாயாரின் அனுமதியோடு அண்ணாச்சி வீட்டுக்கு வரலாம். ஆண்டுக்கொருமுறை கம்பத்தைச் சாய்த்து மசகிடும் வேலை அப்போதுதான் நடக்கிறது. இன்னொரு பொறிக்கு ஆறு சுருள் சுற்ற வேண்டியும் இருக்கிறது.

சுருள் சுற்றும் மரச்சட்டத்தின் அளவுகளையும் இறக்கை செதுக்கும் படத்தையும் அடுத்த இதழில் தருவோம். கம்பியின் கனம், சுற்றுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டு எழுதும் அன்பர்கள், தம் பாட்டரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும், கம்பத்துக்கும் பாட்டரிக்கும் இடையே எத்தனை அடி என்பதையும் தவறாமல் குறிப்பிடுக. தொலைவு நூறு அடியைத் தாண்டினால் 24 வோல்ட்டே நன்று. அதே ஆற்றலுக்கு மின்னோட்டம் பாதியாகி, கம்பியில் வீணாவது நாலில் ஒரு பங்காகக் குறையும்.